முப்பத்தைந்தில் ஒரு பங்கு பீரங்கி

பிளாஸ்டிக் மாடல் செய்கிறவர்களில் பெரும்பாலோர் டாங்கியில்தான் தொடங்குகிறார்கள். பார்வைக்கு மிரட்டலாக இருக்கும், செய்வதும் சுலபம். எஞ்சின், கியர், உள்ளே உட்காரும் இருக்கைகள் எல்லாம் இரும்பு உடலுக்குள் மறைந்துவிடும்; மூடியை ஒட்டிவிட்டால் உள்ளே என்ன விடுபட்டது என்று யாரும் கேட்கமாட்டார்கள். இழுத்துச் செல்லும் பீரங்கி அப்படியல்ல. அதன் நெம்புகோல், கைச்சக்கரம், பின்னுதைப்பைத் தாங்கும் உருளை, அச்சு எல்லாமே வெட்டவெளியில் இருக்கும். இரண்டே சக்கரம்தானே என்று எண்ணிப் பெட்டியைத் திறப்பவர்கள் பாதி வழியில் திணறுவது அதனால்தான்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ், காமன்வெல்த் படைகளின் முதன்மைக் களப் பீரங்கியாக இருந்த 25 பவுண்டர் இதற்குச் சரியான உதாரணம். குழலின் உள்விட்டம் 87.6 மில்லிமீட்டர். 25 பவுண்டு, அதாவது சுமார் 11.3 கிலோ எடையுள்ள குண்டை 13,400 கெஜம், ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தூரம் வீசும். பீரங்கியின் எடை ஒன்றரை டன்னுக்கு மேல். இதை 1:35 அளவில் சுருக்கினால் மேஜையில் வந்து நிற்பது 13 சென்டிமீட்டர் நீளப் பொருள். குழலின் வாய் இரண்டரை மில்லிமீட்டர்.

இந்த 1:35 என்ற எண் எந்த ராணுவ வரைபடத்திலிருந்தும் வந்ததல்ல. ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து டாமியா நிறுவனம் 1961-இல் ஜெர்மன் பாந்தர் டாங்கியை மோட்டாரில் ஓடும் மாடலாக வெளியிட்டது. மோட்டாரும் பேட்டரியும் உள்ளே அடங்க எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டுமோ, அவ்வளவு பெரிதாகச் செய்தார்கள். பிறகு அளந்து பார்த்தால் அசலில் ஏறக்குறைய முப்பத்தைந்தில் ஒரு பங்கு. அந்தத் தற்செயலான அளவையே மற்ற நிறுவனங்களும் பின்பற்ற, இன்று தரைப்படை மாடல்களில் பெரும்பகுதி அதில்தான் வருகிறது. 25 பவுண்டரையும் அதை இழுக்கும் மோரிஸ் குவாட் வண்டியையும் டாமியா 1970களில் கொண்டுவந்தது. பின்னாளில் சீனாவின் பிரான்கோ நிறுவனம் இன்னும் நுணுக்கமான கிட்டை வெளியிட்டது.

நுணுக்கம் என்றால் என்ன என்பதை முன்பக்கக் கவசத் தகட்டில் பார்க்கலாம். அசல் பீரங்கியில் அது சில மில்லிமீட்டர் தடிமனே உள்ள எஃகு. அச்சில் வார்க்கும் பிளாஸ்டிக்கை ஓரளவுக்கு மேல் மெலிதாக்க முடியாது. பிளாஸ்டிக் தகடு 0.8 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அசல் அளவில் அது 28 மில்லிமீட்டர். களப் பீரங்கியின் கவசம் டாங்கியின் கவசம்போல் ஆகிவிடும். விளிம்பைப் பார்த்தாலே பொம்மை என்று தெரிந்துவிடும். அமில அரிப்பில் செய்த மெல்லிய பித்தளைத் தகடுகள் கிட்டுகளுக்குள் வந்தது இதற்காகத்தான். பித்தளையை மடிக்கும் முன் தீயில் லேசாகக் காட்டினால் இளகி, கோட்டில் சுத்தமாக மடியும். பிளாஸ்டிக் பசை இதில் பிடிக்காது. அந்தப் பசை உண்மையில் ஒட்டுவதில்லை. இரு பிளாஸ்டிக் பரப்புகளையும் கரைத்து ஒன்றாக்கிவிடுகிறது. உலோகத்துக்கு சூப்பர் க்ளூதான், அதுவும் ஊசி முனையில் எடுத்த ஒரு துளி. துளி பெரிதானால் தகட்டின் ஆணித்தலைகள் பசைக்குள் மூழ்கிப்போகும்.

குழல் இன்னொரு சோதனை. மலிவான கிட்டுகளில் அது இரண்டு பாதிகளாக வரும். ஒட்டியபின் நீளவாட்டில் ஒரு தழும்பு தெரியும். அதை உப்புத்தாளால் தேய்க்கும்போது கை ஒரே பக்கம் அழுந்தினால் வட்டம் தட்டையாகிவிடும். அதனால் பலர் கடைசல் பிடித்த அலுமினியக் குழலைத் தனியாக வாங்கிப் பொருத்துகிறார்கள். அந்தச் செலவு தகும். பீரங்கி மாடலில் கண் முதலில் போய் நிற்பது குழலின் வாயில்தான்.

ஆனால் குழலின் வாயில் என்ன இருக்க வேண்டும்? இங்கேதான் கைவேலை வரலாற்றுக்குள் நுழைகிறது. 25 பவுண்டரின் பெரும்பாலான புகைப்படங்களில் குழல் முனையில் துளையிட்ட தடித்த தொப்பி ஒன்று தெரியும். மசில் பிரேக் என்பார்கள். டாங்கிகளைத் துளைக்க 20 பவுண்டு கெட்டிக் குண்டைக் கூடுதல் வெடிமருந்தோடு சுட்டபோது பின்னுதைப்பு கடுமையானது. அதை அடக்கப் பிற்காலத்தில் சேர்த்த உறுப்பு அது. ஆகவே 1942 மே மாதத்துப் பாலைவனப் பீரங்கியில் அது இருக்கக் கூடாது. 1944 இத்தாலி என்றால் இருக்கலாம். நாள் எது, படை எது என்று முடிவெடுக்காமல் இந்தப் பீரங்கிக்கு ஒரு குழல்முனைகூடப் பொருத்த முடியாது.

தமிழர்களுக்கு அப்படியொரு நாள் உண்டு: 1942 மே 27. லிபியாவின் பிர் ஹக்கீமுக்குத் தென்கிழக்கே, பாய்ன்ட் 171 என்ற பாலைவன மேட்டில் மூன்றாவது இந்திய மோட்டார் பிரிகேட் நின்றிருந்தது. அதன் பீரங்கிகள் இந்திய ஆர்ட்டிலரியின் இரண்டாவது ஃபீல்டு ரெஜிமெண்டுடையவை. ஜெர்மன் தளபதி ரோமல் தன் படையைத் தெற்கே சுற்றிக் கொண்டுவந்தபோது, காலையில் முதல் அடி இவர்கள் மேல் விழுந்தது. எதிரே வந்தது இத்தாலியின் ஆரியெத்தே டாங்கி டிவிஷன். கிலோமீட்டர் கணக்கில் தள்ளி நின்று சுட வேண்டிய பீரங்கிகள் கண்ணெதிரே வரும் டாங்கிகளை நேரடியாகக் குறிவைத்தன. பல டாங்கிகள் எரிந்தன. கடைசியில் எண்ணிக்கையின் பலத்தால் பிரிகேட் நசுக்கப்பட்டது. அன்று ஒரு பேட்டரியை நடத்தியவர் மேஜர் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம். சென்னை மாகாண முதல்வராக இருந்த டாக்டர் ப. சுப்பராயனின் மகன். அந்தச் சண்டைக்காக டி.எஸ்.ஓ. விருது பெற்றார், போர்க்கைதியாகவும் ஆனார். பின்னாளில், 1966 முதல் 1969 வரை, இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்தவர் அவரேதான்.

இந்தக் காலைப்பொழுதை மாடலாக்க நினைப்பவர் கிட்டின் பெட்டிப் படத்தை மறந்துவிட வேண்டும். குழல் வானத்தை நோக்கி உயர்ந்து நிற்பது பார்க்க அழகுதான். ஆனால் அது தொலைதூர இலக்குக்கான நிலை. டாங்கியை எதிர்கொள்ளும் பீரங்கியின் குழல் ஏறக்குறையத் தரைக்கு இணையாகத்தான் படுத்திருக்கும். இழுவை வண்டியும் அருகில் வேண்டாம். சண்டையின்போது குவாட் பின்னே போய்விடும். 32 குண்டுகள் கொள்ளும் லிம்பர் பெட்டி மட்டும் பக்கத்தில், கதவு திறந்த நிலையில் நிற்க வேண்டும்.

பீரங்கிக்கு அடியில் வைக்கும் வட்டத் தட்டு இந்த மாடலின் உயிர் என்றே சொல்லலாம். பயணத்தில் அது வால் எனப்படும் பின்சட்டத்துக்குக் கீழே தொங்கிக்கொண்டு வரும். நிறுத்தியதும் கீழே இறக்கி, சக்கரங்கள் அதன் விளிம்பில் நிற்கும்படி பீரங்கியை மேலே இழுத்துவிடுவார்கள். அதன்பின் ஒரே ஆள் வாலைப் பிடித்துத் தள்ளினால் ஒன்றரை டன் இரும்பும் முழு வட்டம் சுழலும். இரண்டு பவுண்டர் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகளின் வலு போதாத அந்தப் பாலைவனத்தில், களப் பீரங்கி டாங்கியோடு மல்லுக்கட்ட முடிந்ததற்கு இந்தத் தட்டும் ஒரு காரணம். மாடலில் இதை மணலுக்குள் சற்றே அழுத்தி, வால் திரும்பிய தடத்தை மணலில் வளைவாகக் கீறிவிட்டால், சுற்றிச்சுற்றிச் சுட்ட பீரங்கி என்று பார்ப்பவருக்குப் புரிந்துவிடும்.

வண்ணத்தில் நிதானம் தேவை. லைட் ஸ்டோன் என்ற வெளிர்மஞ்சளை ஏர்பிரஷ்ஷில் மெல்லிய படலங்களாக ஏற்றி, காய்ந்தபின் மண்ணிற வாஷை இடுக்குகளில் ஓடவிட்டால் ஆணிகளும் மூட்டுகளும் எழும்பி நிற்கும். எல்லா விளிம்பிலும் துருவைப் பூசுகிறவர்கள் நிறையப் பேர். அது தவறு. தினமும் துடைத்து எண்ணெயிட்ட ஆயுதம் அது. வறண்ட பாலைவனத்தில் அப்படித் துருப்பிடிக்காது. நிறம் தேய்வது கை படும் இடத்தில்: கைச்சக்கரத்தின் பிடி, மேலும் கீழும் நழுவும் பின்பூட்டைத் திறக்கும் நெம்புகோல். அந்தப் பூட்டின் நழுவும் முகத்துக்கு வண்ணமே கிடையாது, எண்ணெய் மினுங்கும் வெற்று எஃகு.

ஆட்கள் இல்லாத பீரங்கி அருங்காட்சியகப் பொருளாகிவிடும். 25 பவுண்டருக்கு ஆறு பேர். வால் பக்கம் சார்ஜென்ட், இடப்புறம் குறி பார்ப்பவர், வலப்புறம் பின்பூட்டை இயக்குபவர், மற்றவர்கள் குண்டு கொண்டுவருபவர்கள். இதில் குண்டும் வெடிமருந்தும் தனித்தனி: முதலில் குண்டைக் குழலுக்குள் இடித்துச் செருகி, பிறகு பித்தளை உறையை வைப்பார்கள். உறைக்குள் சிவப்பு, வெள்ளை, நீலப் பைகளில் மருந்து. தூரத்துக்கு ஏற்பப் பைகளைக் கூட்டலாம், குறைக்கலாம். லிம்பருக்குப் பக்கத்தில் குனிந்திருக்கும் ஒருவனின் கையில் அரிசிமணி அளவில் ஒரு சிவப்புப் பையை வைத்துவிட முடியும்.

சந்தையில் பிரிட்டிஷ் எட்டாவது ஆர்மி வீரர்களின் சிலைகள் எளிதில் கிடைக்கும். அவற்றை அப்படியே நிறுத்தினால் இரண்டாவது ஃபீல்டு ரெஜிமெண்ட் மறைந்துபோகும். முகத்தின் நிறத்தை மாற்ற வேண்டும், சிலருக்கு எபாக்சி புட்டியில் தலைப்பாகை கட்ட வேண்டும். இந்தியர்கள் சுட்ட பீரங்கியை இந்தியர்களோடு செய்வது அலங்காரமல்ல, குழல்முனையைச் சரியாக வைப்பது போன்ற அடிப்படை நேர்மை.

அந்தப் பீரங்கி இங்கே வெகுகாலம் வாழ்ந்தது. 1965 போரிலும் இந்திய ராணுவம் அதைப் பயன்படுத்தியது. தில்லிக் குடியரசு தின விழாவில் தேசிய கீதத்தின் 52 விநாடிகளுக்குள் 21 குண்டு மரியாதை செலுத்தியவையும் 25 பவுண்டர்களே. 2023 ஜனவரி 26 அன்றுதான் அந்த வேலை உள்நாட்டில் தயாரான 105 மில்லிமீட்டர் பீரங்கிகளின் கைக்கு மாறியது. அந்த 105-ஐயும் கையால் செய்து பார்க்க ஆசைப்படும் மாடல்காரர், பிளாஸ்டிக் ஷீட்டையும் குழாய்த் துண்டுகளையும் அளவுகோலையும் எடுத்துவைத்து வேலையைத் தொடங்கலாம்.