ஊரைச் சுற்றி ஓர் உலா

இங்கிலாந்து நாட்டில் ஓர் அழகிய வழக்கம் உண்டு. விடுமுறை நாளில் குடும்பத்தினர் தம் ஊரிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டு, வயல்வரப்பும் ஓடைக்கரையும் கடந்து, பழைமைச் சின்னங்களைக் கண்டு, வேறு வழியே ஊர் திரும்புவர். இத்தகைய பாதைகளை அளந்து வரைபடத்தில் பதிவு செய்ய 1949ஆம் ஆண்டிலேயே அங்குச் சட்டம் இயற்றப்பட்டது.

பழனியை அடுத்த நெய்க்காரப்பட்டியில் வாழ்வோருக்கும் அத்தகைய உலா ஒன்று காத்திருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அதை அறிவோம்?

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள சிற்றூர் பொருந்தல். புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் 2009, 2010ஆம் ஆண்டுகளில் இங்கு அகழாய்வு நடத்தினார். கற்பலகைகளால் அமைந்த பழங்காலக் கல்லறை ஒன்றில், நான்கு கால்களையுடைய சாடி ஒன்று கிடைத்தது. அதனுள் ஏறத்தாழ 2 கிலோ நெல் இருந்தது! அந்நெல்லின் காலம் கி.மு. 490 என அறிவியல் ஆய்வு காட்டிற்று. அக்கல்லறையிலேயே, பானையைத் தாங்கும் வளையம் ஒன்றில் தமிழ் பிராமி எழுத்துக்களும் காணப்பட்டன. அவ்வெழுத்தின் காலத்தைக் குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால், இறந்தவரை வெறுங்கையாய் அனுப்ப மனமின்றி நெல்லை நிரப்பி வைத்த அந்த உள்ளத்தின் அன்பைப் பற்றிக் கருத்து வேறுபாடு ஏது?

அடுத்து, பாப்பம்பட்டியை அடுத்த ஐவர்மலைக்குச் செல்வோம். பாண்டவர் ஐவர் தங்கிய மலை என்று மக்கள் கூறுவர். ஆனால் பாறை உரைக்கும் வரலாறு வேறு. குகைத்தளத்தின் மேலே சமணத் தீர்த்தங்கரரின் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டாகிய கி.பி. 870இல் பொறிக்கப்பட்ட கல்வெட்டும் உண்டு. குணவீரக் குரவடிகளின் மாணாக்கரான சாந்திவீரக் குரவர், அங்கிருந்த பழைய திருவுருவங்களைப் புதுப்பித்தார்; வழிபாட்டுப் படையலுக்கும், துறவி ஒருவரின் உணவுக்குமாக 505 காணம் பொன் வழங்கினார் என்பது அதன் செய்தி. இக்கல்வெட்டைக் கொண்டே அம்மன்னன் அரியணை ஏறிய ஆண்டு 862 என வரலாற்றறிஞர் கணித்தனர்.

ஓரிடத்தில் மறைந்தவருக்கு நெல். மற்றோரிடத்தில் துறவிக்குச் சோறு. இடையே ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்தும், இம்மண்ணின் கொடுக்கும் கை மாறவில்லை.

இவ்வுலாவை ஒரே நாளில் நடந்து முடிப்பது சிறுவர்க்குக் கடினம். எனவே இரண்டு விடுமுறை நாட்களாகப் பிரித்துக்கொள்ளலாம், சைக்கிளிலும் செல்லலாம். வெயிலுக்குமுன் புறப்படுக, தண்ணீரும் கட்டுச்சோறும் உடன் கொள்க. பிறர் நிலத்தில் கால் வைக்குமுன் உரியவரிடம் கேட்டுச் செல்வதே பண்பு.

மற்றொன்றையும் பெற்றோர் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும். பழங்கல்லறைக் கல்லைப் பெயர்ப்பதும், சிற்பப் பாறையில் தம் பெயரைக் கிறுக்குவதும் ஒரு நொடி வேலை. இழந்ததை மீட்க எவராலும் இயலாது. நவம்பர் 2ஆம் நாள் நம் முன்னோரின் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றுகிறோம். பெயர் தெரியாத அம்முன்னோரின் கல்லறைக்கும் அதே மரியாதையை அளிப்பது நம் கடமையன்றோ? சாந்திவீரர் தமக்கு முன்னோர் வைத்ததைப் புதுப்பித்தார்; நாம் அழிக்காமலாவது காப்போம்.