ஈரலில் இருவகைப் புற்று

கல்லீரலில் கட்டி ஒன்று தோன்றினால் 'ஈரற்புற்று' என்று ஒரே பெயரால் குறிப்பது பொது வழக்கு. மருத்துவ நூலோர் அவ்வாறு கொள்வதில்லை. ஈரலின் சொந்த உயிரணுக்களில் பிறப்பது ஒருவகை. ஈரலுக்குள் கிளைத்தோடும் பித்தநாளங்களின் உட்சுவரில் பிறப்பது மற்றொரு வகை. இருக்குமிடம் ஒன்றாயினும் நோய் வேறு, மருத்துவமும் வேறு.

சிங்கப்பூரில் முதல்வகைக்கு நெடுங்காலம் பெருங்காரணமாயிருந்தது ஹெப்படைட்டிஸ் பி கிருமி. அதற்கான தடுப்பூசி 1985இல் கிருமியுள்ள தாய்மாரின் குழந்தைகளுக்கும், 1987இல் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் போடத் தொடங்கப்பட்டது. அதற்குமுன் பிறந்த ஒருவரிடம் கட்டி காணப்பட்டால் முதல்வகை என்றே எண்ணத் தோன்றும். ஆனால், அதே கிருமி இரண்டாம் வகைக்கும் இடந்தருவதுண்டு. ஆகவே வேறுபாட்டைக் கண்டறிவது இன்றியமையாதது.

தேக்காச் சந்தையில் ஆட்டீரல் வாங்கியோர் அதன் மென்மையை அறிவர். மனித ஈரலும் அத்தகையதே. முதல்வகைக் கட்டி பெரும்பாலும் மெத்தென்றே இருக்கும். பித்தநாளப் புற்றோ வெளுத்து, கல்லென இறுகியிருக்கும். புற்றணுக்கள் தம்மைச் சுற்றி நார்த்திசுவைத் திரட்டிக்கொண்டு வளர்வதே காரணம். நுண்ணோக்கியில் பார்த்தால் சிறுசிறு சுரப்பிக் குழாய்கள் போன்ற அணுக்கூட்டங்கள், இடையெல்லாம் நார். உயிர்ப்புள்ள அணுக்கள் விளிம்பில் மிகுதி, நடுவில் நார் மிகுதி. அந்நார் சுருங்குகையில் ஈரலின் மேலுறையும் உள்வாங்கிக் குழிவதுண்டு.

இனிக் குருதியைப் பார்ப்போம். ஈரலுக்கு இரு வாயில்கள். குடலிலிருந்து வரும் வாயிற்சிரை ஏறத்தாழ முக்கால் பங்கு குருதியைத் தருகிறது. எஞ்சியதை ஈரல் தமனி தருகிறது. பித்தநாளச் சுவர்களோ தமனியையே நம்பியுள்ளன. புற்றுக்கட்டிகளும் தமனிக் குருதியையே மிகுதியாகப் பெறுகின்றன. கைச்சிரையில் அயோடின் மருந்தைச் செலுத்தி சி.டி. படம் எடுத்தால், முதல்வகைக் கட்டி அரை நிமிடத்தில் முழுதும் ஒளிர்ந்து, சற்றுநேரத்தில் சூழ்ந்துள்ள ஈரலைவிட மங்கிவிடும். பித்தநாளப் புற்றில் முதலில் விளிம்பு மட்டும் வளையம்போல் ஒளிரும். மருந்து நார்க்குள் மெல்ல ஊறிப் பல நிமிடங்கள் தங்கும். சுற்றுப்புறம் மங்கிய பின்னும் நடுப்பகுதி ஒளிர்ந்துகொண்டிருக்கும். ரப்பர்த் தோட்டத்து மணல்மேட்டில் மழைநீர் சட்டென இறங்கி வடிந்துவிட, களிமண் பள்ளம் மறுநாளும் ஈரமாயிருப்பதை இதற்கு ஒப்பிடலாம்.

இக்குறிகள் எப்போதும் பொய்க்காதவை என்று கொள்ளுதல் தவறு. நுண்ணிய நாளங்களில் பிறக்கும் சிறு கட்டிகள் சில, குருதிவளம் மிக்கனவாய் முதல்வகையைப் போலவே ஒளிரும். முதல்வகையைக் குறிகள் தெளிவாயிருப்பின் படத்தைக் கொண்டே உறுதி செய்வது வழக்கமாதலால், இங்கே ஏமாற இடமுண்டு. ஐயம் எழுந்தால் ஊசியால் திசு எடுத்துப் பார்ப்பதே முறை.

தமனியை அடைத்துக் கட்டியைப் பட்டினியிடும் சிகிச்சை முதல்வகைக்கு நன்கு பொருந்தும். குருதி குறைந்த நார்க்கட்டிக்கு அத்துணைப் பயன் தருவதில்லை. அதற்கு அறுவையே முதன்மை. அது இயலாதவர்க்கு ஜெம்சிட்டபின், சிஸ்பிளாட்டின் இரண்டையும் சேர்த்துத் தருவது 2010 முதல் நிலைபெற்ற முறையாயிற்று.

எடுத்த திசு வேறொன்றையும் சொல்லும். வடகிழக்குத் தாய்லாந்தில் ஆற்றுமீனைப் பச்சையாக உண்பதால் ஈரற்புழு புகுந்து இப்புற்று உண்டாகிறது. சிங்கப்பூர்த் தேசியப் புற்றுநோய் நிலையத்தாரும் டியூக்-என்யூஎஸ் மருத்துவப் பள்ளியினரும் தாய்லாந்து ஆய்வாளருடன் சேர்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வில் 209 கட்டிகளின் மரபணுக்களை நோக்கினர். புழுவால் வந்தவற்றில் டிபி53 பழுது மிகுதி. புழுவின்றி வந்தவற்றில் பாப்1, ஐடிஎச் பழுதுகள் மிகுதி. ஐடிஎச்1 பழுதுக்கென்றே ஒரு மருந்துக்கு 2021இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது.