யோர்தான் துறையில் ஒரு சொல்

தாயகத்தை விட்டு வேற்றுமொழி வழங்கும் நகரங்களில் குடியேறி வாழும் நமக்கு நாவைப் பற்றிய நினைவு மற்றவரினும் சற்று மிகுதி. கடைத்தெருவில் நம் இந்தியைக் கேட்டுச் சிலர் நகைப்பர். விடுமுறைக்கு ஊர் சென்றால் நம் குழந்தைகளின் தமிழைக் கேட்டு உறவினர் நகைப்பர். விளையாட்டுப் பேச்சுத்தானே என்று அதனை ஒதுக்கிவிடுவது வழக்கம். வள்ளுவரோ சொல்லால் நேர்ந்த காயத்தின் முன் தீக்காயத்தையும் சிறிதென்றே கொண்டார். கிறிஸ்தவ மறையில் யாக்கோபின் நிருபம் நாவினைக் காட்டையே கொளுத்திவிடும் சிறு நெருப்புக்கு ஒப்பிடுகிறது. அவ்வுவமை வெறும் அலங்காரம் அன்று என்பதைப் பழைய ஏற்பாட்டின் நியாயாதிபதிகள் ஆகமத்தில் காணலாம். அதிலே ஒரு குலத்தார் ஒரே குறையை வெவ்வேறு காலத்தில் இரு தலைவர்களிடம் கொண்டுசென்றனர். முடிவுகள் ஒன்றாக அமையவில்லை.

முதலாமவன் கிதியோன். 300 பேரை மட்டும் உடன்கொண்டு மீதியானியரின் பெரும்படையைச் சிதறடித்தவன். வெற்றியின் சூடு ஆறுமுன் எப்பிராயீம் குலத்தார் அவனிடம் வந்து கடுமையாக வாதாடினர். போருக்குப் புறப்படும்போது தங்களை அழைக்கவில்லையே என்பது அவர்கள் மனக்குறை. வென்ற தலைவன் ஒரு வார்த்தையில் அவர்களை அடக்கியிருக்கலாம். அவன் அவ்வாறு செய்யவில்லை. தன் குடும்பத்தாரின் திராட்சை அறுவடை முழுவதும் எப்பிராயீமர் பொறுக்கிய மிச்சத்திற்கு ஈடாகாது என்ற கருத்துப்படப் பேசினான். பகைவரின் தலைவர் இருவரைப் பிடித்தவர்கள் அவர்களே என்பதையும் நினைவூட்டினான். கோபம் தணிந்தது. இதனை முகத்துதி என்று குறைகூறுவாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. அவன் சொன்னதில் பொய் இல்லை. பிறர் செய்ததைப் பெரிதாகவும் தான் செய்ததைச் சிறிதாகவும் வைத்துப் பேசினான், அவ்வளவே.

இரண்டாமவன் யெப்தா. வேற்றுப் பெண்ணின் மகன் என்று சொல்லி, உடன்பிறந்தாரே அவனை வீட்டைவிட்டுத் துரத்தினர். தோபு நாட்டிற்கு ஓடிப் பிழைத்தான். அம்மோனியர் போர்தொடுத்தபோது அதே கீலேயாத்தின் மூப்பர்கள் அவனைத் தேடிச்சென்று தலைவனாக்கினர். போருக்குமுன் அவன் வாயால் செய்துகொண்ட பொருத்தனை அவனுடைய ஒரே மகளைப் பறித்துக்கொண்டது. இவ்வாறு பிறர் சொல்லாலும் தன் சொல்லாலும் புண்பட்டிருந்தவனிடம் எப்பிராயீமர் அதே பழைய குறையைக் கொண்டுவந்தனர். வீட்டோடு சேர்த்துக் கொளுத்திவிடுவதாகவும் மிரட்டினர். தான் அழைத்தும் அவர்கள் வரவில்லை என்றான் யெப்தா. அது உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் கிதியோனின் மென்மை அதில் இல்லை. எப்பிராயீமரோ கீலேயாத்தியரை, ஓடிவந்த கூட்டம் என்று இகழ்ந்தனர். அச்சொல் காதில் எப்படி விழும் என்பதைப் பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. போர் மூண்டது.

தோற்ற எப்பிராயீமர் யோர்தான் ஆற்றைக் கடந்தால்தான் வீடு திரும்ப முடியும். கீலேயாத்தியர் துறைகளைப் பிடித்துக்கொண்டனர். தப்பியோடி வந்தவர்களைக் குறிக்க ஆகமம் இங்கே வழங்கும் எபிரேயச் சொல், முன்பு அவர்கள் பிறரை இகழ்ந்த அதே சொல்தான். கடக்க வந்தவனை ‘ஷிபோலேத்’ என்று சொல்லச் சொன்னார்கள். எப்பிராயீமர் நாவில் ஷகரம் வராது, ‘சிபோலேத்’ என்றனர். அந்த ஓர் எழுத்து அவர்களைக் காட்டிக்கொடுத்தது. மடிந்தவர் 42,000 பேர் என்று ஆகமம் கணக்கிடுகிறது. இருதிறத்தாரும் இஸ்ரவேலரே; ஒரே மொழி பேசியவர்களே.

மலைப்பிரசங்கத்தில் இயேசு, கொலை செய்யலாகாது என்னும் கட்டளையை விளக்குமிடத்திலேயே, சகோதரனை மூடன் என்று இகழ்வதையும் சேர்த்துப் பேசினார். வசைச்சொல்லைக் கொலையின் வரிசையில் வைப்பது மிகை என்று முதலில் தோன்றும். யோர்தான் துறையைப் பற்றிப் படித்தபின் அவ்வாறு தோன்றாது.

அத்துணை உயிர்களைக் குடித்த ‘ஷிபோலேத்’ என்னும் சொல்லுக்குத் தானியக் கதிர் என்பது பொருள். நீரோட்டம் என்றும் பொருளுண்டு. நியாயாதிபதிகள் ஆண்ட காலத்தில் நிகழ்ந்ததாகக் கூறப்படும் ரூத்தின் சரித்திரத்திலும் அச்சொல் கதிர் என்ற பொருளில் வருகிறது. ரூத் கணவனை இழந்த மோவாபியப் பெண். மாமியார் நகோமியுடன் பெத்லகேமுக்கு வந்து, அறுவடை வயலில் சிந்திய கதிர்களைப் பொறுக்கச் சென்றாள். கண்காணி அவளை மோவாபியப் பெண் என்றே குறிப்பிட்டான். வயலுக்குரிய போவாஸ் அவளை அழைத்ததோ ‘மகளே’ என்று. வேறு வயலுக்குப் போக வேண்டாம் என்றான். தாகமெடுத்தால் வேலையாட்கள் மொண்டு வைத்த தண்ணீரைக் குடிக்கலாம் என்றான். மாமியாருக்கு அவள் செய்தவற்றையெல்லாம் கேட்டறிந்ததாகவும் கூறினான். தன்னைத் தேற்றி, தன் மனத்தோடு பேசினான் என்பதையே ரூத் பெரும் தயவாகச் சொன்னாள்.

அவள் எழுந்து போனபின் போவாஸ் செய்ததை நாம் இன்னும் உயர்வாக மதிக்கிறோம். அவளை இகழவோ அதட்டவோ கூடாது என்று தன் ஆட்களுக்குக் கட்டளையிட்டான். தான் இன்சொல் கூறுவது ஒன்று. தன் நிழலில் உள்ளவர் வாயையும் காப்பது வேறொன்று.

நம் இல்லங்களில் இந்தக் காவல் குறைவு. தில்லியிலோ மும்பையிலோ பிறந்த பிள்ளை ழகரத்தை லகரமாக்கிப் பேசினால், மாமாவோ சித்தப்பாவோ அதனை விருந்தினர் முன் மீண்டும் சொல்லச் சொல்லிச் சிரிக்கிறார். தாய் தந்தையரும் உடன் சிரிக்கின்றனர். நாலைந்து முறை இவ்வாறு நேர்ந்தபின் பிள்ளை இந்தியிலேயே விடை சொல்லத் தொடங்குகிறது. பிள்ளைக்குத் தமிழில் நாட்டமே இல்லை என்று பிறகு நாமே சங்கக் கூட்டத்தில் வருந்துகிறோம்.

சில வீடுகளில் பாட்டிமார் இதனை வேறுவிதமாக நடத்துகின்றனர். ‘வாலப்பலம்’ வேண்டும் என்று பேரன் கேட்டால் அவர்கள் சிரிப்பதுமில்லை, திருத்துவதுமில்லை.

“வாழைப்பழமா, கண்ணு? ஒன்றா, இரண்டா?”

“இரண்டு, பாட்டி.”