குடலில் பிறக்கும் புளிப்பு

இரண்டாமாண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

கல்வராயன் மலையில் எங்கள் ஊரில் பேதி கண்டால் ஆயா முதலில் அடுப்பேற்றுவது உப்புப் போட்ட சாமைக் கஞ்சியைத்தான். சென்ற ஆண்டு தம்பி துவண்டு கிடந்தபோது, "கஞ்சி வேண்டாம், மாத்திரை போதும்" என்று படித்த திமிரில் நான் தடுத்துவிட்டேன். மறுநாள் கள்ளக்குறிச்சிக்கு இறக்கிக் குளுக்கோஸ் ஏற்றிய பிறகே அவன் கண் திறந்தான். ஆயாவைத் தடுத்தது சரியா என்னும் கேள்வி மட்டும் என்னை விடவில்லை.

நாம் உண்ணும் மாவுப்பொருள் முழுவதும் சிறுகுடலில் செரிப்பதில்லை. எஞ்சியதைப் பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்து அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் என்னும் சிறிய கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. கெட்டுப்போன வெண்ணெயில் நாறுவது இந்தப் பியூட்டிரிக் அமிலமே. பெருங்குடல் உப்பையும் நீரையும் உறிஞ்ச இவை துணைபுரிகின்றன.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இராமகிருஷ்ணா குழுவினர் 48 காலரா நோயாளிகளிடம் இதைச் சோதித்து 2000-இல் வெளியிட்டனர். வழக்கமான உப்பு-சர்க்கரைக் கரைசல் அருந்தியவர்களுக்குப் பேதி நிற்கச் சராசரி 91 மணி ஆயிற்று. லிட்டருக்கு 50 கிராம் அரிசிமாவு கலந்தபோது 71 மணி. எளிதில் செரிக்காத மக்காச்சோள மாவு கலந்தபோது 57 மணி!

இவ்வமிலங்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பேதி உண்டாக்கும் கிருமிகளுள் ஒன்றான சால்மொனெல்லா, ஊசி போன்ற ஓர் உறுப்பால் குடற்செல்லைத் துளைத்து நுழைகிறது. அவ்வூசிக்குரிய மரபணுக்களை முடுக்குவது ஹில்-ஏ என்னும் புரதம். அப்புரதத்தின் லைசின்களில் பியூட்டிரிக் போன்ற அமிலங்களின் துண்டு ஒட்டிக்கொள்வதை ஹோவர்டு ஹேங் குழுவினர் கண்டு 2020-இல் எழுதினர். லைசினுக்கு நேர்மின்னூட்டம், டி.என்.ஏ.வுக்கு எதிர்மின்னூட்டம். அமிலத் துண்டு ஒட்டினால் லைசினின் மின்னூட்டம் போய்விடுகிறது. இவ்வாறு மாறிய ஹில்-ஏ மரபணுக்களைச் சரிவரப் பற்றாததால் கிருமியின் நுழைவு குறைந்தது. எலிகளின் உடலில் அது பரவுவதும் தணிந்தது. கிருமி சாகவில்லை, ஆயுதம்தான் பறிபோயிற்று. பல லைசின்களை மாற்றிவைத்த கிருமியோ பியூட்டிரிக்குக்கு அடங்கவில்லை. இந்தச் சான்றுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

ஆனால் அசிட்டிக் அமிலம் இதே மரபணுக்களைத் தூண்டவும் கூடும். எது எவ்வளவு என்பதே கணக்கு. ஆகவே கஞ்சி குடித்தால் கிருமி அடங்கும் என்று எழுத நான் துணியவில்லை. பேதிக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலும் மருத்துவரும் வேண்டும். சாமைக் கஞ்சியில் செரிக்காத மாவு எவ்வளவு என அளந்து பார்க்க ஆய்வகத்தில் அனுமதி கேட்டிருக்கிறேன். ஆயா ஒரு படி சாமை கொடுத்தனுப்பியிருக்கிறார்.