ஜீப்பை உயர்த்தலாமா?

போடிநாயக்கனூரில் பொழுது விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்லும் ஆண்களும் பெண்களும் தூக்குவாளியுடன் ஏறிக்கொள்வார்கள். வண்டிகள் போடிமெட்டுச் சாலையில் வளைந்து வளைந்து ஏறி இடுக்கி மாவட்டத்துக்குள் நுழையும். தார்ச் சாலை முடிந்தபின் தோட்டத்துப் பாதை தொடங்கும். கல்லும் சேறும் ஓடைகளும் நிறைந்த பாதை அது.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் இப்போது அப்படிப்பட்ட பழைய ஜீப் ஒன்றின் சொந்தக்காரர். ஒரு மழைக்காலத்தில் அவர் என்னைத் தேடி வந்தார்.

"சார், பாதையில வண்டி அடிதட்டுது. பட்டறையில தூக்கித் தர்றேன்னு சொல்றாங்க. பெரிய டயரும் மாட்டிக்கலாமாம். பழைய சாமானை வச்சே செஞ்சா செலவு கம்மிதான். செய்யலாமா?"

எனக்கு ஜீப் ஓட்டத் தெரியாது. ஆனால் அவர் கேட்டது இயற்பியல் கேள்வி. இருவரும் ஒரு தாளை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டோம். அந்தக் கணக்கையே இங்கே வாசகர்களுக்குத் தருகிறேன்.

அடிதட்டுவது எது?

ஒரு ஜீப்பின் அடியில் குனிந்து பாருங்கள். முன்னும் பின்னும் இரண்டு கனத்த அச்சுகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் பூசணிக்காயைப் போலப் புடைத்த இரும்புக் கூடு ஒன்று தெரியும். அதுதான் டிபரன்ஷியல் கூடு. வண்டியின் அடிப்பாகத்தில் தரைக்கு மிக அருகில் இருப்பது அதுவே. இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பில் அந்த இடைவெளி சுமார் 22 செ.மீ. ஆகும். நம் நாட்டு மகிந்திரா ஜீப்புகள் அந்த வண்டியின் வழித்தோன்றல்களே.

அச்சுகளோடு பட்டை ஸ்பிரிங்குகள் இணைக்கப்பட்டுள்ளன. அவற்றின்மேல் சேஸிஸ், அதன்மேல் வண்டியின் உடல். பட்டறைக்காரர் "தூக்கித் தருகிறேன்" என்று சொல்லும்போது அவர் தூக்குவது ஸ்பிரிங்குக்கு மேலே உள்ள பகுதியை மட்டுமே. அச்சு சக்கரத்தின் நடுவில் இருக்கிறது. வண்டியின் உடலை ஒரு முழம் தூக்கினாலும் அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். டிபரன்ஷியல் கூடு முன்பு தட்டிய கல்லையே மறுபடியும் தட்டும்!

கூட்டை உயர்த்த ஒரே வழி சக்கரத்தின் ஆரத்தைக் கூட்டுவதுதான். பழைய ஜீப்புகளில் 6.00-16 என்னும் அளவுள்ள டயர் இருக்கும். அதன் விட்டம் சுமார் 73 செ.மீ. அதற்குப் பதிலாக 7.00-16 டயரை மாட்டினால் விட்டம் சுமார் 78 செ.மீ. ஆகிறது. விட்டம் 5 செ.மீ. கூடினால் அச்சு உயர்வது அதில் பாதி, அதாவது 2.5 செ.மீ. மட்டுமே.

அப்படியானால் வண்டியை எதற்காகத் தூக்குகிறார்கள்? பெரிய டயர் மட்கார்டில் உரசாமல் இருக்க இடம் வேண்டும். வண்டியின் வயிறு மேட்டில் படியாமல் இருக்கவும் உயரம் வேண்டும். ஆகவே தூக்குவது பெரும்பாலும் டயருக்கு இடம் தருவதற்காகத்தான். இது புரிந்தால் பாதிச் செலவு மிச்சமாகும்.

பெரிய டயர் கொடுப்பதும் எடுப்பதும்

பெரிய சக்கரம் குழியில் குறைவாக இறங்கும்; கல்லின்மேல் எளிதாக ஏறும். மாட்டு வண்டிக்கு அவ்வளவு பெரிய சக்கரம் வைத்த நம் முன்னோர்கள் இதை அறிந்திருந்தார்கள். ஆனால் இயற்கை எதையும் சும்மா கொடுப்பதில்லை.

எஞ்சினிலிருந்து அச்சுக்கு வருவது முறுக்கு விசை. அதைச் சக்கரத்தின் ஆரத்தால் வகுத்தால் தரையில் கிடைக்கும் தள்ளு விசை வரும். ஆரம் கூடினால் விசை குறையும். நம் எடுத்துக்காட்டில் 73-ஐ 78-ஆல் வகுத்தால் 0.936. அதாவது ஏறும் வலு நூற்றுக்கு ஆறு பங்குக்கு மேல் குறைகிறது. முன்பு இரண்டாவது கியரில் ஏறிய மேட்டில் இப்போது முதல் கியர் தேவைப்படலாம்.

பிரேக்குக்கும் இதே கணக்குத்தான். நீங்கள் பெடலை அதே அளவு மிதித்தாலும் டயர் தரையைப் பற்றி நிறுத்தும் விசை அதே விகிதத்தில் குறையும். பெரிய டயர் கனமானதும்கூட. அதன் கனம் விளிம்பில் இருப்பதால், சுழலும் சக்கரத்தை நிறுத்தவும் கூடுதல் முயற்சி வேண்டும்.

ஸ்பீடாமீட்டரும் ஏமாற்றும். அது சக்கரத்தின் சுற்றுகளைத்தான் எண்ணுகிறது, தூரத்தை அளப்பதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் வண்டி இப்போது அதிக தூரம் போகிறது. முள் 60 கி.மீ. என்று காட்டும்போது உண்மை வேகம் 64 கி.மீ. ஆக இருக்கும்.

ஒரு படி பெரிய டயரில் இந்த நஷ்டங்கள் தாங்கக்கூடியவை. இரண்டு மூன்று படி தாண்டினால் கியர், பிரேக், ஸ்டியரிங் எல்லாமே திணறும். அவற்றையும் மாற்றப் புறப்பட்டால் "குறைந்த செலவு" என்ற பேச்சுக்கே இடமில்லை.

தூக்கும் வழிகள்

மலிவாகத் தூக்குவதற்குப் பட்டறைகளில் இரண்டு முறைகள் வழக்கத்தில் உள்ளன.

முதலாவது, ஷேக்கிளை நீட்டுவது. பட்டை ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேஸிஸுடன் இணைக்கும் சிறிய தொங்கு இணைப்பே ஷேக்கிள். அதை 4 செ.மீ. நீட்டினால் வண்டி 4 செ.மீ. உயருமா? உயராது. ஸ்பிரிங்கின் ஒரு முனை மட்டுமே நகர்கிறது. அச்சு நடுவில் இருக்கிறது. எனவே உயர்வது 2 செ.மீ. மட்டுமே. அதோடு அச்சும் சற்றுச் சாய்ந்துவிடும்.

இந்தச் சாய்வு சிறிய விஷயமன்று. சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்வாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த அமைப்பு சைக்கிள் தானாக நேரே ஓட உதவுகிறது. ஜீப்பின் முன்சக்கரங்கள் திரும்பும் அச்சுக்கும் அப்படி ஒரு சிறு சாய்வு உண்டு. திரும்பிய பின் ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவது அதனால்தான். ஷேக்கிள் முன்முனையில் உள்ள வண்டிகளில் அதை நீட்டினால் இந்தச் சாய்வு குறையும். வண்டி சாலையில் அலையத் தொடங்கும்.

இரண்டாவது முறை, அச்சுக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங்கை எடுத்து அச்சுக்கு மேலே வைப்பது. இதில் ஒரேயடியாக 12 செ.மீ. அளவுக்கு உயரம் கிடைக்கும். புதிய ஸ்பிரிங் வாங்க வேண்டியதில்லை. வெல்டிங் செலவோடு முடிந்துவிடும் என்பார்கள். ஆனால் புரொப்பெல்லர் ஷாஃப்டை மறந்துவிடுகிறார்கள். எஞ்சின் பக்கத்திலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டு செல்லும் தண்டு அது. குட்டை ஜீப்பில் அந்தத் தண்டும் குட்டையானது. அரை மீட்டர் நீளமுள்ள தண்டின் ஒரு முனையை 10 செ.மீ. உயர்த்தினால் அதன் சரிவு சுமார் 11 பாகை கூடிவிடும்.

தண்டின் இரு முனைகளிலும் யூனிவர்சல் ஜாயின்ட் உண்டு. சாய்ந்த நிலையில் அது சுழற்சியைச் சீராகக் கடத்தாது. ஒரு முனை ஒரே வேகத்தில் சுழன்றாலும் மறுமுனை ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். சாய்வு 10 பாகையானால் ஏற்றத்தாழ்வு நூற்றுக்கு ஒன்றரை. 20 பாகையானால் அது நூற்றுக்கு ஆறு! சாய்வு இரட்டிப்பானால் அதிர்வு நான்கு மடங்காகிறது. இரு முனைகளிலும் சாய்வு சமமாக இருந்தால் ஒன்றின் பிழையை மற்றொன்று சரிசெய்துவிடும். அந்தச் சமநிலை கெட்டால் அதிர்வு உடம்பில் தெரியும். ஜாயின்டும் சீக்கிரம் தேயும்.

இன்னொன்று பிரேக் குழாய். சேஸிஸிலிருந்து அச்சுக்கு வரும் ரப்பர்க் குழாய் பழைய உயரத்துக்கு அளந்து வைத்தது. வண்டியைத் தூக்கிவிட்டுக் குழாயை மாற்றாவிட்டால், சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது குழாய் இழுபட்டு அறுந்துபோகலாம். மலைப்பாதையில் அதன் பொருள் என்னவென்று சொல்லத் தேவையில்லை.

கூரையில் மூன்று மூட்டை

இதுவரை சொன்னவற்றைப் பணம் செலவழித்துச் சரிசெய்துவிடலாம். இனிச் சொல்லப்போவதைப் பணத்தால் எளிதில் சரிசெய்ய முடியாது.

முதலில் ஒரு சோதனை. ஒரு நோட்டுப் புத்தகத்தின்மேல் தீப்பெட்டியைப் படுக்கவைத்துப் புத்தகத்தை மெல்லச் சாயுங்கள். பெட்டி சறுக்கும். இப்போது பெட்டியை நெட்டுக்குத்தாக நிறுத்திச் சாயுங்கள். அது சறுக்குவதற்கு முன்பே கவிழ்ந்துவிடும். பெட்டியும் அதேதான், புத்தகமும் அதேதான். மாறியது ஈர்ப்பு மையத்தின் உயரமும் அடியின் அகலமுமே.

ஜீப்புக்கும் இதே விதிதான். இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலுள்ள தூரத்தில் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்து வரும் எண்ணை "நிலைப்பு எண்" என்று அழைப்போம். வண்டியின் எடையில் அந்த அளவு பங்கு பக்கவாட்டில் தள்ளினால் வண்டி கவிழும்.

பழைய ஜீப்பில் சக்கர இடைவெளி சுமார் 124 செ.மீ.; பாதி 62. ஈர்ப்பு மையம் 65 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நிலைப்பு எண் 0.95. காய்ந்த தார்ச் சாலையில் டயரின் உராய்வுக் கெழு ஏறத்தாழ 0.7 முதல் 0.8 வரை. உராய்வு தாங்கும் அளவு 0.95-க்குக் கீழே இருப்பதால், வேகமாகத் திரும்பும் ஜீப் கவிழ்வதற்கு முன் சறுக்கும். படுத்த தீப்பெட்டி மாதிரி.

இப்போது வண்டியை 10 செ.மீ. தூக்கி, டயரால் இன்னொரு 2.5 செ.மீ. உயர்த்துகிறோம். அச்சுகள் உடலோடு உயராததால் உண்மையில் சற்றுக் குறையும். எளிமைக்காக முழுவதையும் சேர்ப்போம். மையத்தின் உயரம் 77.5 செ.மீ. நிலைப்பு எண் 0.80. உராய்வின் எல்லையைத் தொட்டுவிட்டோம்.

வேறொரு கணக்கையும் பாருங்கள். தூக்காத ஜீப், எடை 1,300 கிலோ. அதன் கூரையில், 185 செ.மீ. உயரத்தில், 50 கிலோ மூட்டைகள் மூன்றை ஏற்றுகிறோம். ஈர்ப்பு மையம் எங்கே போகிறது? கணக்கிட்டால் 77 செ.மீ. சொச்சம் வரும். நிலைப்பு எண் அதே 0.80!

அதாவது, 12.5 செ.மீ. உயர்த்திய ஜீப் காலியாக ஓடும்போதும் கண்ணுக்குத் தெரியாத மூன்று மூட்டைகளைக் கூரையில் சுமந்துகொண்டே ஓடுகிறது. அதன்மேல் உண்மையான மூட்டைகளையும் ஏற்றினால் எண் 0.69 ஆகிவிடும். இது உராய்வுக் கெழுவுக்கும் கீழே. இப்போது ஜீப் நெட்டுக்குத்தான தீப்பெட்டி. கொண்டை ஊசி வளைவில் அது சறுக்கி எச்சரிக்கை தராது, நேரே கவிழும். 15 மீட்டர் ஆரமுள்ள வளைவில் கவிழும் வேகம் முதலில் மணிக்கு 42 கி.மீ. ஆக இருந்தது, இப்போது 36 கி.மீ. ஆகிவிட்டது. ஸ்பிரிங்குகள் சாய்வதால் உண்மையில் இன்னும் குறைவாகவே இருக்கும். ஸ்பீடாமீட்டரோ உண்மையைவிடக் குறைத்துக் காட்டிக்கொண்டிருக்கும்.

செலவு குறைந்த வரிசை

அப்படியானால் என்ன செய்யலாம்? செலவு குறைந்ததிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் காற்று. ஒரு சக்கரத்தின்மேல் 325 கிலோ எடை இருந்து, டயரில் காற்றழுத்தம் சதுர செ.மீ.க்கு 2 கிலோ என்றால், டயர் தரையில் பதியும் பரப்பு ஏறத்தாழ 162 சதுர செ.மீ. அழுத்தத்தை 1.3 கிலோவாகக் குறைத்தால் பரப்பு 250 சதுர செ.மீ. ஆகும். சேற்றிலும் மணலிலும் பிடிப்பு கூடும். செலவு ஏதுமில்லை. ஆனால் மெதுவாகவே ஓட்ட வேண்டும். தார்ச் சாலைக்குத் திரும்பியதும் காற்றை நிரப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் டயர் சூடேறி வெடிக்கலாம்.

இரண்டாவது, ஸ்பிரிங். பல ஆண்டுகள் சுமை தாங்கிய பட்டைகள் தட்டையாகிவிடுகின்றன. அவற்றைக் கழற்றி மீண்டும் வளைவு கொடுத்தால், அல்லது உடைந்த பட்டையை மட்டும் மாற்றினால், வண்டி பிறந்தபோது இருந்த உயரம் திரும்பக் கிடைக்கும். இது உயர்த்துவது ஆகாது, இழந்ததை மீட்பதே.

மூன்றாவது, டயர். தயாரிப்பாளர் அந்த வண்டிக்கு அனுமதித்த அளவுகளில் பெரியதை மாட்டலாம். ஸ்டியரிங்கை இருபுறமும் முழுவதும் திருப்பி, ஒரு சக்கரத்தைக் கல்லின்மேல் ஏற்றி, எங்காவது உரசுகிறதா என்று பார்க்க வேண்டும்.

இதற்குமேல் போவதற்குச் சட்டமும் தடை. மோட்டார் வாகனச் சட்டம், 1988, 52-ஆம் பிரிவு பதிவுச் சான்றில் கண்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. ஐயமிருந்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கணக்கை முடித்தபோது மாணவர் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப மேல இருக்கிற கேரியரைக் கழட்டினாலே பாதி சரியாயிடும் போல, சார்" என்றார். அதைத்தான் முதலில் செய்தார். ஸ்பிரிங்குகளுக்கு வளைவு கொடுத்தார். ஒரு காற்று பம்பு வாங்கினார். அடுத்த ஆண்டு டயர் தேய்ந்தபோது ஒரு படி பெரியதாக மாட்டினார். வண்டியைத் தூக்கவில்லை. கூட்டில் கல் இன்னும் எப்போதாவது தட்டுகிறது. அப்போது இறங்கி அந்தக் கல்லைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போகிறார்களாம்.

தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று மட்டும் கேட்காதீர்கள். அந்த உயரத்தில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.