வெறும் தரையில் மயில் முட்டை: பாலக்காட்டில் கூட்டைத் தேடி வருபவை எவை?

பாலக்காடு: எலப்புள்ளி உள்ளிட்ட பாலக்காட்டின் கிழக்குப் பகுதி வயல்களில் மயிலைக் காண்பது இன்று அரிதல்ல. நெல்லைக் கொத்தும் மயில்களை விரட்டுவது விவசாயிகளுக்குத் தினசரி வேலையாகிவிட்டது. இத்தனை பெருகிய பறவை, முட்டையிடுவதோ வெறும் தரையில்தான்.

புதர் மறைவில் காலால் சீய்த்த ஆழமற்ற பள்ளமே மயிலின் கூடு. பெண் மயில் மட்டுமே ஏறத்தாழ 28 நாட்கள் அடைகாக்கிறது. ஆண் மயில் உதவுவதில்லை; அந்தத் தோகை அருகில் இல்லாததும் கூட்டுக்கு நல்லதே. பெண் மயிலின் மங்கிய பழுப்பு நிறம் காகத்தின் கண்ணை ஏமாற்றும். ஆனால், மோப்பத்தால் தேடும் கீரி, நரி, காட்டுப்பன்றி ஆகியவற்றிடமும், நாக்கை நீட்டி வாசனை அறியும் உடும்பிடமும் அந்த நிறம் பலிக்காது. முட்டை பொரிந்ததும் குஞ்சுகள் தாயின் பின்னே நடந்து கூட்டை விட்டு விலகுவது இந்த ஆபத்தைக் குறைக்கிறது.

காடு சிறுத்தால் ஆபத்து கூடும். அமெரிக்க ஆய்வாளர் டேவிட் வில்கோவ், செயற்கைக் கூடுகளில் காடை முட்டைகளை வைத்துச் சோதித்து 1985-இல் முடிவுகளை வெளியிட்டார். பெருங்காட்டைவிடச் சிறு காட்டுத் துண்டுகளில், அதிலும் குடியிருப்புகளை ஒட்டியவற்றில், முட்டைகள் மிக அதிகமாகப் பறிபோயின. குப்பையில் வயிறு வளர்க்கும் காகமும் தெருநாயும் காட்டோரத்துக்கு எளிதில் வந்துவிடுகின்றன. தாய்ப் பறவை இல்லாத செயற்கைக் கூடு உண்மை நிலையை அப்படியே காட்டாது என்பதும் உண்மை.

அப்படியானால் மயில் பெருகியது எப்படி? 1933-இல் சலீம் அலி திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களில் நடத்திய கணக்கெடுப்பில் மயில் பதிவாகவே இல்லை. நிலம் வறண்டு வருவதே மயிலின் பரவலுக்குச் சாதகம் என்கிறது கேரள வேளாண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வு. வறண்ட புதர்க்காட்டை விரும்பும் இப்பறவை தானியம், பூச்சி, பாம்புக்குட்டி என எதையும் உண்ணும். இரவில் மரத்தில் தங்கும். கூடு அழிந்தால் மீண்டும் முட்டையிடவும் செய்யும்.

அதே காட்டில் பக்கிக் குருவியின் நிலை வேறு. அது கூடே கட்டாமல், சருகின் மேல் பெரும்பாலும் இரண்டே முட்டைகள் இடுகிறது. காட்டுக்கோழியும் கௌதாரியும் தரையை நம்பியவையே. மயில் முட்டை குறையட்டும் என்று காட்டோரத்தில் நாய்களைப் பெருகவிட்டால், அவை எந்தப் பறவையின் முட்டை என்று பார்ப்பதில்லை. மனிதர் மயில் முட்டையை எடுப்பதும் கூட்டைக் கலைப்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.