வாய்தாவும் இல்லாத வழக்கு

ராயபுரத்திலிருந்து எண்ணூர் நோக்கிக் கடற்கரைச் சாலையில் செல்வோர், தூரத்தே நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களைக் கண்டிருப்பர். துறைமுகத்தில் இடம் கிடைக்கும்வரை அவை காத்திருக்கின்றன. ஆனால் அவை நாதியற்றவை அல்ல. ஒவ்வொரு கப்பலுக்கும் கரையில் ஓர் ஏஜெண்டு உண்டு. துறைமுக அதிகாரிகளிடமும் சுங்க இலாகாவிடமும் பேசி, நிலைமை இன்னதென்று கப்பல் தலைவனுக்குத் தெரிவிப்பது அவர் கடமை.

அந்தச் சாலை வழியே, சென்ற வாரம் திருவொற்றியூர் இளைஞர் ஒருவர் நமது காரியாலயத்துக்கு வந்தார். பகலில் தொழிற்சாலை வேலை, இரவில் எழுத்து. மீனவர் குப்பத்துக்கும் ஆலைச் சங்குக்கும் இடையே வாழும் தம் ஜனங்களின் கதையை நாவலாக்கி, ஒரு பிரசுராலயத்தாரிடம் ஒப்புவித்து எட்டு மாதமாகிறது. ஏற்றார்களா, மறுத்தார்களா என்று ஒரு வரியும் வரவில்லை. "வேண்டாமென்று சொல்லிவிட்டாலும் நிம்மதி, ஐயா" என்றார் அவர்.

கப்பலுக்குள்ள வசதி நூலாசிரியனுக்கும் வேண்டுமென்பதை ஆங்கிலேயர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்டுகொண்டனர். லண்டனில் ஏ. பி. வாட் என்பவர் அதை ஒரு தொழிலாகவே நிலைநாட்டினார். ஆசிரியர் சார்பில் பிரசுரகர்த்தருடன் பேசி முடித்து, வரும் தொகையில் நூற்றுக்குப் பத்து வீதம் தரகு பெற்றார். கட்சிக்காரனுக்கு வக்கீல் எப்படியோ, ஆசிரியனுக்கு இலக்கிய ஏஜெண்டு அப்படி. அங்கும் காத்திருப்பு ஒழிந்துவிடவில்லை. ஏஜெண்டின் பதிலுக்கே இப்பொழுது மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஆயினும், 'இத்தனை வாரத்துக்குள் பதில் வராவிடில் மறுப்பென்று கொள்க' எனப் பலர் முன்னதாகவே அறிவித்துவிடுகின்றனர். மருந்து கசப்பானதே, ஆனால் அளவு குறித்த மருந்து.

1906-ல் சென்னையில் பிறந்து, புரசைவாக்கத்தில் பாட்டியாரிடம் வளர்ந்த ஆர். கே. நாராயணின் அனுபவம் இங்கே கவனிக்கத்தக்கது. அவருடைய முதல் நாவலை லண்டன் பிரசுரகர்த்தர்கள் ஒருவர்பின் ஒருவராக மறுத்தனர். மனம் வெறுத்த அவர், கையெழுத்துப் பிரதியில் கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் போட்டுவிடும்படி ஆக்ஸ்போர்டிலிருந்த நண்பர் பூர்ணாவுக்கு எழுதினார். நண்பர் நதிக்குச் செல்லவில்லை. கிரஹாம் கிரீனிடம் சென்றார். கிரீனின் சிபாரிசினால் 1935-ல் அந்நாவல் வெளிவந்தது. ஊதியம் பெறாத ஏஜெண்டாக நண்பர் ஒருவர் வாய்த்ததால் ஒரு பெரிய ஆசிரியர் நமக்குக் கிடைத்தார். அத்தகைய நண்பர் இல்லாத திருவொற்றியூர்த் தொழிலாளியின் கதி என்ன?

தமிழ்ப் பதிப்புலகில் ஏஜெண்டு முறை இன்னும் வேரூன்றவில்லை. பதிப்பாளரின் சிரமங்களை, அச்சுத் தொழிலில் உழலும் நாமும் அறிவோம். ஜனவரிப் புத்தகக் காட்சியை முன்னிட்டுப் பிரதிகள் குவிகின்றன. படித்துப் பார்க்க ஆட்கள் போதாது. எதையும் ஏற்கும்படி அவர்களை எவரும் நிர்ப்பந்திக்க இயலாது. ஆனால் தாமதத்துக்குப் பேர்போன நியாயஸ்தலத்தில்கூட, வழக்காளிக்கு அடுத்த வாய்தாத் தேதியேனும் கிடைக்கிறது. எழுத்தாளனின் வழக்குக்கு வாய்தாவும் இல்லை.

ஆகவே பதிப்பாளர்களை நாம் கேட்பது மூன்றே: பிரதி கிடைத்ததென்று ஒரு வரி, முடிவு தெரிவிக்க ஒரு தவணை, தவணை தவறாமல் ஒரு பதில். இதற்குப் பெரும் செலவில்லை, மனமே வேண்டும்.

இளம் எழுத்தாளருக்கும் வக்கீல் என்ற முறையில் ஒரு வார்த்தை. 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, பதிவு செய்யாவிடினும், எழுதியவனுக்கே நூலின் உரிமை உண்டு. கையொப்பமிட்ட எழுத்து மூலமாகவன்றி அதைப் பிறருக்கு மாற்ற முடியாது. எனவே, குறித்த தவணைக்குள் பதில் வராவிடில், பிரதியைத் திரும்பப் பெறுவதாக எழுதிவிட்டு வேறு வாசலை அணுகுங்கள். அதற்குள் அடுத்த நாவலைத் தொடங்கிவிடுங்கள்.

இடமில்லை என்று துறைமுகம் சொன்னால், கப்பல் வேறு துறைமுகத்துக்குப் போய்ச் சேரும். ஒன்றும் சொல்லாத துறைமுகத்தின் முன்தான் அது துருப்பிடிக்கும்.